நெஞ்செலும்புக்கு இரண்டு பக்கமும்

கோழியைத் தூக்கிப் பார்க்கும்போது என் ஓரகத்தியின் முகமே மாறிவிடும். இரண்டு இறக்கையையும் சேர்த்து அணைத்து, கண்ணை லேசாக மூடிக்கொண்டு, மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பாள். கனமாக இருந்தால் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். லேசாக இருந்தால் அன்று முழுக்க வீட்டில் யாருக்கும் நல்ல பேச்சு கிடையாது. ஜவ்வாது மலையில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கு அவள் மூத்த மருமகள். எங்களுக்குள் வயது வித்தியாசம் அதிகமில்லை. முறைக்கு அக்கா என்று கூப்பிட்டேனே தவிர, மனதில் அவள் எனக்குச் சிநேகிதிதான். எழுபதுகளின் கடைசி அது. நான் போவதற்கு முந்தைய கோடையில் கோழிக்கழிச்சல் நோய் வந்து ஊர்க் கோழிகளையே துடைத்துவிட்டிருந்தது. தீனி எடுக்காமல், நாளுக்கு நாள் லேசாகி, கடைசியில் கையிலேயே செத்துப்போன கோழிகளை அவள் மறக்கவில்லை. லேசான கோழி என்றால் சாகப்போகிற கோழி என்று அவளுக்கு மட்டுமல்ல, ஊர்ப் பெண்கள் எல்லோருக்குமே மனதில் பதிந்துவிட்டது. ஒருத்தி வீட்டுக்கு இன்னொருத்தி போனால் உட்காருவதற்கு முன்பே கோழியைத் தூக்கிப் பார்ப்பார்கள். "இன்னா கனம் கனக்குது" என்று சொல்லிவிட்டால் வீட்டுக்காரிக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அதனால் தாய்வீட்டிலிருந்து புதிதாகக் கொண்டுவந்த குஞ்சுகளை அவள் வளர்த்த விதம் இருக்கிறதே, மாப்பிள்ளை உபசாரம் தோற்றது. அந்த வருஷம் சாமை நன்றாக விளைந்திருந்தது. காலையில் பஞ்சாரக் கூடையைத் தூக்கியதும் சாமை, மத்தியானம் கேழ்வரகு, பொழுது சாயும்போது மறுபடி சாமை. "எனக்கு இந்தக் கவனிப்பு கெடையாது" என்று அவள் வீட்டுக்காரர் முனகுவார். கோழிகள் கொல்லைப் பக்கம் போய்க் கிளறுவதையே மறந்து, வாசலில் வாத்து மாதிரி அசைந்து நடந்தன. ஊரே வந்து தூக்கிப் பார்த்துப் பாராட்டியது. ஆனால் ஒவ்வொன்றாக முட்டை வைப்பதை நிறுத்திக்கொண்டன.

அந்த நேரம் பார்த்துத்தான் அவளுடைய ஐந்து வயது மகளுக்குத் தட்டம்மை கண்டது. அம்மை இறங்கிய பிறகும் பிள்ளை தேறவில்லை. போளூர் ஆஸ்பத்திரியில் தினம் ஒரு முட்டை கொடுக்கச் சொன்னார்கள். வாசல் நிறையக் கோழி, அடுப்பில் வேகவைக்க ஒரு முட்டை இல்லை. அக்கம்பக்கத்தில் கேட்டால் அவர்களுடைய கோழிகளின் கதையும் அதேதான். ஒரு காலையில் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தவள், அப்படியே இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "இவளும் லேசாய்க்கினே போறாடி" என்றாள். கையிலேயே செத்துப்போன கோழிகளின் நினைப்பில் சொல்கிறாள் என்று தெரிந்து, பிள்ளையைத் தூக்கி என் இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

கோழிகளில் ஒன்று மட்டும் மற்றவற்றோடு சேராது. கழுத்தில் முடி இல்லாத மொட்டைக்கழுத்துக் கோழி. தீனி போட்டாலும் நாலு கொத்துக் கொத்திவிட்டுப் புதருக்குள் ஓடிவிடும். கையில் எடுத்தால் கனமே இருக்காது. "சீக்குக் கோழி. மத்ததுக்கும் ஒட்டறதுக்குள்ள அறுத்துடு" என்றார் மாமியார். அடுத்து யாராவது விருந்தாளி வந்தால் அறுப்பதென்று முடிவாயிற்று. வந்தது ஓரகத்தியின் தம்பி. கத்தியைத் தீட்டிய பிறகு அவளுக்கு மனசு கேட்கவில்லை. "பொறந்த வூட்லேர்ந்து வந்த புள்ளைக்கு நோஞ்சான் கோழியா போடுவேன்?" என்று சொல்லி, இருப்பதிலேயே கொழுத்ததைப் பிடித்து அறுத்தாள். மொட்டைக்கழுத்து பிழைத்தது அவளுடைய தாய்வீட்டுப் பெருமையால்தான்.

கோழியைக் கீறியதும் இருவரும் குனிந்து பார்த்தோம். குடலைச் சுற்றிக் கை நிறைய மஞ்சள் கொழுப்பு. அதற்கு நடுவே முட்டைக் கருக்கள் கடுகு கடுகாகச் சுருங்கிக் கிடந்தன. "முட்டைக்கு எடமே இல்லையே" என்றாள். கையைக் கழுவிக்கொண்டு நேராகப் போய் மொட்டைக்கழுத்தைப் பிடித்துவந்து மடியில் வைத்தாள். இந்த முறை தூக்கி அசைக்கவில்லை. அதன் நெஞ்சைத் தடவினாள். பிறகு கொழுத்த கோழிகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்துவரச் சொன்னாள். அவற்றுக்கு நெஞ்செலும்பு எங்கே இருக்கிறதென்றே விரலுக்குத் தெரியவில்லை. மொட்டைக்கழுத்துக்கு எலும்பு தட்டுப்பட்டது, ஆனால் அதன் இரண்டு பக்கமும் சதை நிரவியிருந்தது. "கழிச்சல்ல செத்ததுங்களுக்கு எலும்பு கத்தி மாதிரி துருத்திக்கினு இருக்கும், ரெண்டு பக்கமும் பள்ளம் விழுந்துடும். இதுக்குப் பள்ளம் இல்லடி" என்றாள். முட்டை வைக்கிற கோழி மாதிரி அடிவயிறும் மெத்தென்று இருந்தது. மறுநாள் அதன் பின்னாலேயே போய்ப் பார்த்தோம். யாருக்கும் தெரியாமல் விறகு அடுக்குக்குப் பின்னால் முட்டை வைத்துக்கொண்டிருந்தது. அந்த வெதுவெதுப்பான முட்டையை அவள் கையோடு எடுத்துப்போய்ப் பிள்ளைக்கு வேகவைத்தாள்.

அன்றோடு மூன்று வேளைத் தீனி நின்றது. பொழுது சாயும்போது மட்டும் கொஞ்சம் சாமை. மற்றபடி கிளறித் தின்னட்டும் என்று விட்டுவிட்டாள். கோழிகள் அவள் புடவைத் தலைப்பை விடாமல் கத்திக்கொண்டே சுற்றின. அதைவிட மோசம் ஊர்ப் பெண்கள். தூக்கிப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். சாமையைப் பதுக்குகிறாள் என்றுகூடப் பேச்சு வந்தது. ரோஷக்காரி, ஆனாலும் ஒரு பிடி சாமை கூடுதலாகப் போடவில்லை. கொஞ்ச நாளில் கோழிகளுக்குக் கொழுப்பு இறங்கிக் கொண்டைகள் சிவந்தன. முதலில் ஒன்று, பிறகு இரண்டு மூன்று என்று முட்டைகள் வந்தன. உச்சுக்கொட்டியவர்களே தங்கள் கோழிகளைத் தூக்கிக்கொண்டு வந்து, "கொஞ்சம் தடவிப் பாரு" என்றார்கள்.

இன்று அந்த மகளுக்கே கல்யாண வயதில் பெண் இருக்கிறாள். எடை பார்க்க வீட்டிலேயே மெஷின் வைத்திருக்கிறார்கள். ஏறி நின்றால் எண்ணைக் காட்டுகிறது. எனக்கு அந்த எண்களைப் பார்த்தால் ஒன்றும் தோன்றுவதில்லை. அந்த நாளில், பிள்ளை தினம் முட்டை தின்னத் தொடங்கிய பிறகு ஒரு சாயங்காலம், அவளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஓரகத்தி, சட்டென்று கையை நிறுத்தி என்னைக் கூப்பிட்டாள். என் விரலைப் பிடித்துப் பிள்ளையின் நெஞ்சில் வைத்தாள். "எலும்பு கீது. பக்கத்துல சதையும் கீது பாரு" என்றாள். பிள்ளை நெளிந்து, "வுடும்மா, கூசுது" என்று சிரித்தது. கழிச்சல் வந்த கோடையிலிருந்து எதைத் தூக்கினாலும் எடை பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கைகள், அன்றைக்குத்தான் எதையும் பார்க்காமல் பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டன.