சின்யோராவின் ஒன்பதாம் நம்பர்

போன கிழமை இங்கே சிசிலியில், பலெர்மோவின் கபோ சந்தையில், மழைக்கு ஒரு வங்காளிக் கடைக்குள் ஒதுங்கினேன். கடைக்காரர் யாருக்கோ கருவாட்டுப் பெட்டியைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். அந்த மணத்துக்கு எனக்கு என் ஊரான மன்னார் நினைவு வந்திருக்கவேண்டும். நியாயப்படி அப்படித்தான். ஆனால் கூடைப்பந்துதான் நினைவுக்கு வந்தது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் லிபெர்த்தா தெருவில், சின்யோரா என்று நாங்கள் கூப்பிட்ட ஒரு வீட்டுக்கார அம்மாவிடம் சமையலும் துப்புரவும் பார்த்தேன். சின்யோராவுக்கு இடுப்பு முறிந்து, எண்பது தாண்டிய எலும்பு இனி ஒட்டாது என்று டொக்டர்மார் கைவிட்டிருந்தார்கள். கட்டில்தான் அவருடைய உலகம். அவரைத் தூக்கி இறக்கி, குளிப்பாட்டிப் பார்த்தவள் லூஸ், பிலிப்பைன்ஸ்காரி. அந்த வீட்டிலேயே தங்கியிருந்தாள். முதல் நாளே என்னை "ஆத்தே" என்று கூப்பிட்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. எங்கள் பக்கத்தில் ஆத்தை என்றால் பல்லுப்போன கிழவி. கலியாணப் புடவையின் மடிப்புக் கலையாத என்னைப் பார்த்து ஆத்தையாம்! கொஞ்சக் காலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அவர்களுடைய மொழியில் அது அக்கா என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்களைச் சேர்த்து வைத்தது கருவாடு. ஒருநாள் லூஸ் அதைப் பொரித்தபோது, வீட்டில் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று மேல்மாடிக்காரி கத்தத் தொடங்கினாள். லூஸ் அழாக்குறையாக நின்றாள். நான் யன்னலைச் சாத்திவிட்டு, "எனக்கும் ஒரு துண்டு தா" என்றேன். இரண்டு பேருடைய இத்தாலியனும் நொண்டி. ஆனால் நொண்டியும் நொண்டியும் நன்றாகவே சேர்ந்து நடந்தன. நாங்கள் கதைத்ததை இங்கே என் தமிழில்தான் எழுதமுடியும்.

கருவாட்டைச் சப்பியபடிதான் அவள் தன் அணியைப் பற்றிச் சொன்னாள். அவர்கள் நாட்டில் கூடைப்பந்து என்றால் உயிர். சம்பளத்துக்கு விளையாடுகிற அணிகள் இருந்தன, ஊர்ப் பெயரில் அல்ல, கம்பனிப் பெயரில். லூஸின் அணி ஒரு சவர்க்காரக் கம்பனியுடையது. வருடத்துக்கு மூன்று கிண்ணம். மூன்றையும் ஒரே அணி வெல்வது அருமையிலும் அருமை. அந்த வருடம் சவர்க்காரம் முதல் கிண்ணத்தை வென்றிருந்தது. மணிலாவில் அவளுடைய தம்பி ஆட்டங்களை வீடியோவில் பதிந்து, இங்கே திரும்புகிற யாருடைய பெட்டிக்குள்ளாவது திணித்து அனுப்புவான். கசெற் பலெர்மோ வந்து சேரக் கிழமைக்கணக்காகும்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து ஊர் முழுவதும் யன்னலைச் சாத்திப் படுக்கிற நேரம்தான் எங்களுடைய நேரம். ரீவி சின்யோராவின் அறையில் இருந்தது. அவர் உறங்கிவிட்டார் என்று நினைத்துச் சத்தத்தைக் குறைத்துப் போட்டோம். மணிலாக் கசெற்றுக்கும் இத்தாலிய ரீவிக்கும் ஒத்துவரவில்லை, படத்தில் நிறம் வராது. வெளியே ஷிரோக்கோ காற்று தூசியை அள்ளி வந்து பலகணியில் போடும். உள்ளே இருட்டில் சாம்பல் நிற மனிதர்கள் துள்ளி எழும்பி, நிலத்துக்கு வர மனமில்லாமல் நிற்பார்கள். பந்து நிலத்தில் படுகிற சத்தம் தூரத்தில் யாரோ கதவு தட்டுவதுபோலக் கேட்கும். எனக்குக் கண் சொருகும். நான் பார்த்தது எவ்வளவு, கனவு கண்டது எவ்வளவு என்று இன்றைக்கும் பிரிக்கத் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் நான் வலைப்பந்து விளையாடியவள். பந்தைப் பிடித்தால் அசையக்கூடாது, அதுதான் எனக்குத் தெரிந்த சட்டம். அதனால் முதல் ஆட்டம் முழுக்க, "ஐயோ, பந்தோடை ஓடுறான்! விசிலடியுங்கோ!" என்று துள்ளினேன். லூஸ் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். அப்போதுதான் கட்டிலில் இருந்து குரல் வந்தது.

"எங்கட ஆக்கள் ஆர்? என்ன நிறம்?"

நிறம் தெரியாது என்றோம். "அப்ப றோசாவும் கறுப்பும்" என்று சின்யோரா முடிவுகட்டினார். அது பலெர்மோ உதைபந்தாட்டக்காரரின் நிறம். அன்றையிலிருந்து மணிலாச் சவர்க்காரம் எங்கள் ஊர் அணி ஆகிவிட்டது.

அவர் பந்தைப் பார்க்கவில்லை. ஓரத்தில் வாங்குப் பலகையில் இருக்கிறவர்களைத்தான் பார்த்தார். அதிலே ஒன்பதாம் நம்பர் ஒருவன், துவாயைக் கழுத்தில் போட்டபடி எப்போதும் இருந்துகொண்டே இருப்பான். மற்றவர்கள் அடித்தால் கை தட்டுவான்.

"இந்தப் பெடியனை ஏன் இறக்கீனமில்லை?"

"அவன் பதில் ஆள், சின்யோரா. ஆரும் களைச்சால்தான்."

"என்னைப்போலத்தான். இருந்து மற்றவை ஓடுறதைப் பாக்கிறான்."

இரண்டாவது கிண்ணமும் எங்களுக்கே வந்தது. அதிலும் அவன் எழும்பவில்லை. சின்யோராவுக்குக் கிண்ணம் பெரிதில்லை. அந்தப் பெடியன் ஒருதரம் இறங்கி ஓடுவதைக் கண்டுவிட்டுத்தான் சாவேன் என்று சொல்லத் தொடங்கினார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் கசெற் பிந்தினால் சாப்பிடமாட்டார், வந்தால் இரண்டாந்தரம் சூப் கேட்பார். அந்த மனுசியின் உயிர் அந்த வாங்கில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.

பலெர்மோவில் இருந்த லூஸின் நாட்டு ஆட்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஊருக்குப் போன் எடுத்து முடிவை அறிந்தவர்கள், எல்லோரும் கசெற் பார்த்து முடியும்வரை அதை வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் எல்லோருக்கும் ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் மீன் சாப்பாடு போடவேண்டும். என் கணவர் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில்தான் கோப்பை கழுவினார். "உங்கட ஆக்களிலை ஆரும் வாய் தவறினால் கழுவுறது நான்தான். கவனமாய் இருக்கச் சொல்லு" என்பார்.

மூன்றாவது கிண்ணத்தின் இறுதி ஆட்டம் அங்கே முடிந்த கிழமை, இங்கே சின்யோராவுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. மகன் மிலானோவிலிருந்து வந்து நின்றார். பங்குச் சுவாமி அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். லூஸ் அதற்கு முதல்நாள்தான் தம்பியோடு போனில் கதைத்திருந்தாள். அவள் பாட்டுப் பாடிக்கொண்டு துணி மடித்ததிலேயே எனக்கும் விஷயம் விளங்கிவிட்டது. பூசின எண்ணெய் காயமுதல் சின்யோரா கண் திறந்தார். பரலோகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"வெண்டாங்களோ? பெடியன் இறங்கினானோ?"

லூஸ் தவித்துப்போனாள். வாயால் சொல்லக்கூடாது. ஆனால் சாகக் கிடக்கிறவரிடம் எப்படி மறைப்பது? வாயை இறுக மூடிக்கொண்டு, புருவத்தையும் நாடியையும் மேலே தூக்கிக் காட்டினாள். சின்யோரா என்னைப் பார்த்தார். நானும் சந்தோஷமாகத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு சூப்புக்கும் வாய் திறக்கவில்லை. இவ்வளவு நல்ல செய்தியைக் கேட்டும் இப்படிக் கிடக்கிறார் என்றால் முடிவு நெருங்கிவிட்டது என்று நாங்கள் சமையலறையில் நின்று அழுதோம். மடு மாதாவே, கசெற் வரும்வரைக்குமாவது என்று நேர்ந்தேன். மாதாவுக்குக் கூடைப்பந்து விளங்குமா என்று நான் யோசிக்கவில்லை.

கசெற் வந்தது. லூஸ் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"வேண்டாம்" என்றார் சின்யோரா. பிறகு, "சரி, போடு. அவன் இருக்கிறதையாவது பாப்பம்."

தலையணை வைத்து நிமிர்த்தினோம். கடைசிக் கட்டத்தில் எங்கள் ஆட்கள் நன்றாக முன்னுக்கு நின்றார்கள். இனித் தோற்க வழியில்லை. பயிற்சியாளர் திரும்பி வாங்கைப் பார்த்தார். ஒன்பதாம் நம்பர் துவாயை எறிந்துவிட்டு எழும்பினான். நாங்கள் நினைத்ததிலும் உயரம். சாம்பல் நிறத்தில், நீந்துகிறவன் மாதிரி ஓடினான். ஒரு பந்து அவனிடம் வந்தது. எறிந்தான். வளையத்தைச் சுற்றிவிட்டு வெளியே விழுந்தது. அவ்வளவுதான், மணி அடித்துவிட்டது.

"பரவாயில்லை" என்றார் சின்யோரா. "ஓடினான்தானே." கண்ணால் வழிந்தது. அதற்குப் பிறகுதான் எங்களைப் பார்த்து, "பொய்காரியள்! தோத்துப்போச்செண்டு சொன்னியள்!"

"நாங்கள் வெண்டதெண்டெல்லோ சொன்னனாங்கள்!"

அவர் நாடியை மேலே தூக்கி, நாக்கால் "ட்ச்" என்றார். அந்த நிமிடம்தான் எங்களுக்கு வெளித்தது. சிசிலிக்காரர் இல்லை என்பதற்கு அப்படித்தான் நாடியைத் தூக்குவார்கள். பிலிப்பைன்ஸ்காரருக்கு அது ஓம். என் தலையாட்டல் எங்கள் ஊரில் ஓம், இத்தாலியில் இல்லை. இரண்டு நாட்டு ஓமும் சேர்ந்து அந்த மனுசிக்கு இரண்டு இல்லையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மூன்று பேரும் சிரித்ததில் மேல்மாடிக்காரி நிலத்தைத் தட்டினாள். அன்றைக்குச் சின்யோரா சூப்போடு பாணும் கேட்டார். அந்தக் கோடையையும் கடந்து இருந்தார்.

இப்போது அந்த வீட்டில் ஒரு பல் வைத்தியர் இருக்கிறார். மேல்மாடிக்காரியும் இல்லை. லூஸ் கனடாவுக்குப் போய்விட்டாள், எப்போதாவது வாழ்த்து அனுப்புவாள். என்னை ஆத்தே என்று கூப்பிட இந்த ஊரில் ஆள் கிடையாது. இன்றைக்குக் கூப்பிட்டால் பொருத்தமாகவும் இருக்கும்.

அந்த வருட மாரி தொடங்கும்போது சின்யோரா போய்விட்டார். அடக்கம் முடிந்தபின் வீட்டைக் கடைசித்தரம் கழுவித் தரும்படி மகன் கேட்டார். கட்டிலை லொறியில் ஏற்றிவிட்டார்கள், ரீவி மட்டும் நின்றது. புதுப் பருவ ஆட்டங்களின் முதல் கசெற் அன்றைக்குத்தான் வந்திருந்தது. கழுவின ஈரத் தரையில் இருந்து போட்டோம். ஆட்டம் தொடங்கும்போதே ஒன்பதாம் நம்பர் நடுவில் நின்றான், முதல் ஐந்து பேரில் ஒருவனாக.

லூஸ் சட்டென்று பின்னால் திரும்பினாள். "சின்யோரா, பாருங்கோ, இறங்கிட்டான்!"

நானும் திரும்பினேன். வெறுஞ்சுவர். லூஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எழும்பிப்போய் ரீவியை நிற்பாட்டினேன். அந்த ஆட்டத்தில் யார் வென்றது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.