ஊசி போட மறுத்த சீன வைத்தியர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சிட்னியில் குளிர் தொடங்கியிருந்த ஜூன் மாதம் அது. நார்த்மீடில் நாங்கள் வாங்கியிருந்த வீட்டுக்குக் குடிபோக இரண்டு வாரம்தான் இருந்தது. பழைய வீடு என்பதால் பெயின்ட் அடித்துவிட்டுப் போகலாம் என்று முடிவு செய்து, லாங் வீக்கெண்ட் மூன்று நாளும் நானும் கணவரும் அங்கேயே கிடந்தோம். சுவர்கள் அவருடைய பங்கு, சீலிங் என்னுடையது. நீளக் கம்பில் ரோலரை மாட்டிக்கொண்டு, தலையை அண்ணாந்தபடியே நான்கு அறைகளை முடித்தேன். முடித்த பெருமையில், முகமெல்லாம் வெள்ளைப் புள்ளிகளோடு ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. இடது பக்கம், காதுக்குக் கீழே ஆரம்பித்துத் தாடை வரை ஒரு வலி. இடது கண்ணுக்குப் பின்னால் தலைவலி வேறு. மூன்று நாள் அண்ணாந்து நின்றதன் பலன் என்று நினைத்து, மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நான் ஒரு ஸ்கேன் சென்டரில் ரேடியோகிராஃபர். எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் எடுப்பவள். திருச்சியில் படித்து, இங்கே வந்து மறுபடியும் தேர்வெழுதி, பதினான்கு வருடமாக மற்றவர்களின் கழுத்தையும் முதுகையும் படம் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் என் கழுத்துக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு நன்றாகவே தெரியும் என்கிற நினைப்பு. தசைப் பிடிப்பு, ஒரு வாரத்தில் போய்விடும், அவ்வளவுதான்.

போகவில்லை. வியாழக்கிழமை இரவு சாப்பிடும்போது, பன்னிரண்டு வயது மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, யூ லுக் ஸோ ஸ்லீப்பி" என்றாள். தூங்கி மூன்று நாளாகிறது, பின்னே எப்படி இருக்கும் என்று சிடுசிடுத்தேன். குடும்ப டாக்டரிடம் அடுத்த புதன்கிழமைக்குத்தான் நேரம் கிடைத்தது. பிசியோதெரபிஸ்டுக்கும் அதே கதை. கணவர் தன் பங்குக்கு ஒரு வழி சொன்னார். பக்கத்துப் பகுதியான கிரவீனில் அவருடைய நண்பர் ஒருவர் இருக்கிறார். கழுத்தைப் பிடித்து ஒரே திருப்பு, 'டக்'கென்று சத்தம் கேட்கும், சுளுக்கு போய்விடும். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வர்றோம்னு சொல்லிட்டேன்" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. தலையை அப்படியும் இப்படியும் திருப்பிச் சொடக்கு எடுப்பது என்னுடைய பழைய பழக்கம்தான்.

வெள்ளிக்கிழமை எங்கள் சென்டரின் வரவேற்பில் இருக்கும் பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

"அக்கா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. எனக்கு ஆறு மாசம் கழுத்துத் திருப்பேலாமல் கிடந்தது. பரமட்டாவில ஒரு சீன வைத்தியர் இருக்கிறா. அவவிட்டப் போன பிறகுதான் சுகம் வந்தது."

"ஊசி குத்துனா சரியாகிடுமா?" என்று சிரித்தேன்.

"ஓம், ஊசியும் குத்துவா. அதுக்கு முதல் உங்களை முழுக்க விசாரிப்பா. பொறுமையா இருங்கோ, என்ன?"

எனக்குச் சீன வைத்தியத்தில் நம்பிக்கை கிடையாது. நாவின் நிறத்தைப் பார்த்து நோய் சொல்கிறவர்களை நானும் என் சக ஊழியர்களும் கிண்டல் செய்திருக்கிறோம். ஆனால் வலி பொறுக்க முடியவில்லை. சனிக்கிழமை காலை ஒருவர் வரவில்லை என்று அங்கே ஓர் இடம் காலியாக இருந்தது. போனேன். நானே காரை ஓட்டிக்கொண்டு போனேன் என்பதை இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

ஒரு பேக்கரிக்கு மேலே, மாடியில் இரண்டே அறைகள். எரித்த மூலிகை வாசனை லேசாக இருந்தது. சுவரில் அவருடைய பட்டமும் பதிவுச் சான்றிதழும் மாட்டியிருந்தன. வெள்ளைத் தாடி வைத்த பெரியவர் யாராவது இருப்பார் என்று நினைத்துப் போன எனக்கு, முப்பத்தைந்து வயதுக்கு மேல் போகாத ஒரு பெண் கதவைத் திறந்தது ஏமாற்றமாகக்கூட இருந்தது. சிட்னியிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

உட்காரவைத்துக் கேள்விகளைத் தொடங்கினார். எப்போது தூங்குகிறேன், இரவில் எத்தனை முறை விழிக்கிறேன், பசிக்கிறதா, மலச்சிக்கல் உண்டா, கால் சில்லிடுமா, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, சமீபத்தில் துக்கம் ஏதாவது உண்டா. எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. எல்லாவற்றுக்கும் "நார்மல், நார்மல்" என்று ஒரே பதிலைச் சொன்னேன். நாக்கை நீட்டச் சொன்னார். நம் ஊர் சித்த வைத்தியர் நாடி பார்ப்பதுபோல இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் பொறுக்காமல் சொல்லிவிட்டேன். எனக்கு வலி கழுத்தில்தான், வயிற்றில் இல்லை. இந்த இடத்தில் ஊசியைப் போடுங்கள், முடிந்தால் ஒரு திருப்புத் திருப்பிச் சொடக்கு எடுத்துவிடுங்கள், நான் கிளம்புகிறேன் என்று.

அவர் கோபப்படவில்லை. கழுத்து வலி கழுத்திலேயே தொடங்குவது குறைவு, அதனால்தான் முழு ஆளையும் பார்க்கிறோம் என்று மட்டும் சொன்னார். சொல்லும்போதே என் முகத்தைப் பார்த்தபடி நிறுத்திவிட்டார். எழுந்து என்னை ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னார். பிறகு திரையை இழுத்து அறையை இருட்டாக்கி, மறுபடியும் கண்களைப் பார்த்தார். அவர் ஆங்கிலத்தில் கேட்டதை என் தமிழில் எழுதுகிறேன்.

"உங்க இடது கண் எப்பவும் இப்படித்தானா?"

"எப்படி?"

"இமை கொஞ்சம் இறங்கியிருக்கு. கருவிழி நடுவுல இருக்கிற பாவையும் அந்தப் பக்கம் சின்னதா இருக்கு. போன வாரம் எடுத்த போட்டோ ஏதாவது இருக்கா?"

போனை எடுத்து, பெயின்ட் புள்ளிகளோடு இருந்த அந்தச் செல்ஃபியைக் காட்டினேன். அவர் அதைப் பெரிதாக்கினார். பிறகு ஒரு கைக்கண்ணாடியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். படத்தில் இரண்டு கண்களும் ஒன்றுபோல் இருந்தன. கண்ணாடியில் அப்படி இல்லை. ஐந்து நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று தலை வாரியிருக்கிறேன். தூக்கக் கலக்கம் என்று நினைத்து, பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

சிரிக்கச் சொன்னார். இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னார். பேச்சு குளறியதா, கை மரத்ததா, பார்வை மங்கியதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். இந்த முறை யோசித்துச் சொன்னேன்.

"இன்னைக்கு உங்க கழுத்தை நான் தொடப்போறதில்லை" என்றார். "வேற யாரும் தொடவும் கூடாது. நீங்க இப்பவே எமர்ஜென்சிக்குப் போகணும். கழுத்து ரத்தக்குழாய்ல பிரச்சினை இருக்கலாம்."

நான் செய்தது இன்னும் வெட்கம் தருகிறது. நானும் மருத்துவத் துறைதான், எனக்குத் தெரியாதா, இரண்டு நாள் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று வாதாடினேன்.

"அப்படின்னா உங்களுக்கு என்னைவிட நல்லாவே தெரியுமே, என்ன ஸ்கேன் எடுக்கணும்னு" என்றார். அதில் கிண்டல் இல்லை. அவருடைய குரல் லேசாக நடுங்கியது. என் சம்மதத்துக்குக் காத்திராமல் போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

அது வரும்வரை ஒரு தாளில் தான் பார்த்ததையெல்லாம் எழுதினார். எப்போது வலி தொடங்கியது, எந்தக் கண், எந்தப் பக்கம், கழுத்துக்கு எந்தச் சிகிச்சையும் தரப்படவில்லை என்று. அடுத்து வந்திருந்தவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸ் ஆட்களோடு கீழே தெருவரை வந்தார். ஊசி போடாததால் கட்டணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அந்தத் தாளைப் படித்ததும் எல்லாம் வேகமாக நடந்தது. ஒரு மணி நேரத்துக்குள் சி.டி. மேஜையில் படுத்திருந்தேன். எச்சில் விழுங்காதீர்கள், அசையாதீர்கள், உடம்பெல்லாம் சூடு பரவுவதுபோல இருக்கும், பயப்படாதீர்கள். நான் தினமும் பலமுறை சொல்கிற வார்த்தைகளை ஒரு சின்னப் பெண் எனக்குச் சொன்னாள். ஸ்கேன் முடிந்து உள்ளே வந்தவள், என் கையிலிருந்த ஊசிக் குழாயைச் சரிபார்த்து, போர்வையை மேலே இழுத்துவிட்டாள். "டாக்டர் சீக்கிரம் வந்து பேசுவாங்க" என்றாள். அந்தக் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. படத்தில் கெட்டது எதையாவது பார்த்துவிட்டால் எங்களால் நோயாளியிடம் சொல்ல முடியாது. ஆனால் குரல் தானாகவே கொஞ்சம் மென்மையாகிவிடும், போர்வையைச் சரிசெய்வோம். நானும் எத்தனையோ பேருக்கு அப்படிச் சரிசெய்திருக்கிறேன்.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது பக்கக் குழாயின் உள்சுவர் கிழிந்திருந்தது. அண்ணாந்து வேலை செய்ததில் அப்படி ஆகியிருக்கலாம் என்றார் டாக்டர். கிழிசலில் ரத்தம் உறைந்து, ஒரு துணுக்கு மூளைக்குப் போயிருந்தால் பக்கவாதம். இமை இறங்கியதும் அந்தக் குழாயை ஒட்டி ஓடும் நரம்பு அழுத்தப்பட்டதால்தான். கழுத்தை யாராவது திருப்பினார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். "நல்லது" என்று மட்டும் சொன்னார். தகவல் கிடைத்து ஓடிவந்து பக்கத்தில் நின்ற கணவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் போன பிறகு, "நாளைக்கு நானே உன்னைக் கூட்டிட்டுப் போயிருப்பேன்ம்மா" என்றார். எங்கள் திருமண வாழ்க்கையில் அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருமுறைதான்.

நான்கு நாள் ஆஸ்பத்திரி. பிறகு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரைகள், கனமான எதையும் தூக்கக்கூடாது, கழுத்தை வெட்டித் திருப்பக்கூடாது. குடிபோவது தள்ளிப்போனது. மகள், நான் தூங்கும்போதெல்லாம் வந்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போவாள். நான் தூங்குவதுபோலவே கிடப்பேன். மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கிழிசல் ஏறக்குறைய ஆறியிருந்தது. இமையும் மேலே ஏறிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அந்த வைத்தியரைப் பார்க்கப் போனேன். என்ன சொல்வது என்று காரில் ஒத்திகையெல்லாம் பார்த்துக்கொண்டு போனேன். அவரைக் கண்டதும் அதையெல்லாம் விட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டு, அன்று தானும் பயந்துபோயிருந்ததாகச் சொன்னார். புத்தகத்தில் படித்ததுதானாம், நேரில் ஒருவரிடம் பார்த்தது அதுவே முதல் தடவையாம். தப்பாக இருந்தால் நீங்கள் வெளியே போய் என்னைப் பற்றி என்னவெல்லாம் சொல்வீர்கள் என்று நினைத்தேன், ஆனாலும் அனுப்பாமல் இருக்க மனம் வரவில்லை என்றார். எந்தப் புள்ளியில் ஊசி போட வேண்டும் என்று கற்றுக்கொடுக்கிற வகுப்பில்தான், எப்போது போடவே கூடாது என்பதையும் கற்றுக்கொடுத்தார்களாம்.

நரம்பியல் டாக்டரிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, கழுத்துப் பக்கமே போகாமல், தூக்கத்துக்காகச் சில மாதம் அவரிடம் சிகிச்சை எடுத்தேன். கையிலும் காலிலும் மட்டும் மெல்லிய ஊசிகள். தோளைத் தளர்த்த, நின்ற இடத்திலேயே மெதுவாகச் செய்யும் சில அசைவுகளும் சொல்லித்தந்தார். அந்த ஊசிகள் என்ன செய்தன என்று என் படிப்பை வைத்து விளக்க எனக்குத் தெரியவில்லை. தூங்கினேன், அது மட்டும் தெரியும். முதல் நாள் கேட்ட அதே கேள்விகளை மறுபடியும் கேட்டார். இந்த முறை உண்மையைச் சொன்னேன். மதியச் சாப்பாட்டைப் பாதி நாள் தவறவிடுவதை, இரவு மூன்று மணிக்கு விழித்துக்கொள்வதை, அப்பா இறந்தபோது ஊருக்குப் போக முடியாமல் போனதிலிருந்து அப்படி ஆனதை. நாற்பது நிமிடம் ஆயிற்று. அவர் ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

இப்போதும் அதே சென்டரில்தான் வேலை செய்கிறேன். கழுத்துப் படம் எடுக்கச் சொல்லிச் சீட்டோடு ஒருவர் வந்தால், மெஷினில் படுக்கவைக்கும் முன் வெளிச்சத்தில் நிறுத்தி முகத்தைப் பார்க்கிறேன், எப்போது தொடங்கியது என்று கேட்கிறேன். வரிசை நீண்டிருக்கும் நாட்களில் என்னுடைய மேலாளருக்கு இது பிடிப்பதில்லை. எரிச்சலோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தியின் முகத்தை, எந்தக் கோபமும் இல்லாமல் ஒருவர் அவ்வளவு கவனமாகப் பார்த்தார் என்பதை நினைக்கும்போது, வெட்கம் பெரிதா நன்றி பெரிதா என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.