பேராச்சிக்குத் தேவை ஒரு நோயாளி

நாற்பத்தாறு வயதில் பேராச்சி கடலுக்குப் போகிற வேலையில் சேர்ந்தாள். தன் வயிற்றுக்கும் கடலுக்கும் ஒத்துவராது என்பது முதல் நாளே தெரிந்துபோயிற்று.

அதுவரை தாராவியில் ஒரு பட்டறையில் ரெக்சின் பை தைத்துக்கொண்டிருந்தாள். சீத்தா கேம்ப்பைச் சேர்ந்த அப்துல் ரவூப், சனி ஞாயிறுகளில் மும்பைவாசிகளை ஸ்கூபா டைவிங்குக்குக் கொங்கண் கடற்கரையில் உள்ள மால்வண் கூட்டிப் போகிறவர், கிழிந்த ரப்பர் உடைகளைத் தைக்க அங்கே வந்தார். பெண்களுக்கு அந்த இறுக்கமான உடையை மாட்டிவிட ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டார். இருபது வருஷம் ஜன்னல் இல்லாத அறையில் குனிந்தே இருந்தவள், கடலில் கண்ட அவ்வளவு வெளிச்சத்தை ஒரே இடத்தில் அதற்குமுன் பார்த்ததில்லை. வாந்தி வந்தாலும் சரி, இந்த வேலையை விடுவதாக இல்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டாள்.

ஆனால் வாந்தி விஷயத்தில் ரவூப் கறார். முன்பிருந்த உதவியாள் படகில் மல்லாந்து படுத்துக்கொண்டு, வந்திருந்த வாடிக்கையாளரிடமே எலுமிச்சம்பழம் வாங்கி முகர்ந்திருக்கிறான். அதிலிருந்து, படகில் வாந்தி எடுக்கிற வேலையாள் மறுநாள் முதல் கரையில்தான் என்று சட்டமே போட்டுவிட்டார்.

பேராச்சி எல்லாம் செய்து பார்த்தாள். மாத்திரை போட்டால் சிலிண்டர் மேலேயே தூங்கி விழுந்தாள். உப்பு நாரத்தங்காயை வாயில் அடக்கினாள். தாகம் எடுத்து ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்து, காரியம் இன்னும் கெட்டது. கடைசியில் வழி தானாகக் கிடைத்தது. யாராவது வாந்தி எடுத்தால் அவர்கள் நெற்றியைப் பிடித்து, முதுகை நீவி, வாய் துடைத்துவிடும் நேரத்தில் மட்டும் அவள் வயிறு சாதுவாக இருந்தது. அதன்பிறகு படகு கிளம்பியதுமே ஒவ்வொருவர் கையாகத் தொட்டுப் பார்ப்பாள். சில்லிட்டு வியர்த்திருக்கிற கைக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவாள். அக்காவுக்கு எவ்வளவு பாசம் என்று எல்லோரும் மெச்சினார்கள். பாசமும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

இந்த ரகசியத்தை ஒருத்தியிடம் மட்டும் சொல்லியிருந்தாள். மாட்டுங்காவில் வங்கி வேலை பார்க்கும் ஸ்ரீலேகா, போன மாதம் வந்து, தண்ணீரில் இறங்காமலே குடல் புரள வாந்தி எடுத்து, வெட்கத்தில் அழுதாள். அவளைத் தேற்றத்தான் சொன்னாள்.

"நானும் ஒன்ன மாதிரிதான் மக்கா. அடுத்த ஆளப் பாத்துக்கிட்டு இருந்தா என் வயிறு என்னைய மறந்துருது. நீ வந்ததால நான் இன்னைக்குத் தப்பிச்சேன்."

இந்த மாதம் ஸ்ரீலேகா மறுபடி வந்திருந்தாள். எப்படியும் மீனைப் பார்த்துவிட வேண்டும் என்ற வைராக்கியம். அவளுக்காகவே பேராச்சி அன்று காலை டீக்கடையில் காவல் நின்றாள். ஒருவரையும் காரமான மிசல் பாவ் தொட விடவில்லை; வந்திருந்த பன்னிரண்டு பேரும் தன் கண்முன்னால் மாத்திரையை விழுங்கும்வரை நகரவில்லை.

ஓடுகிற படகு பரவாயில்லை. நங்கூரம் போட்டு நின்று ஆடுகிற படகுதான் ஆளைக் கொல்லும். முதல் கூட்டம் பயிற்சியாளர்களோடு தண்ணீரில் இறங்கியது. பேராச்சி மற்றவர்களின் கைகளைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாக் கையும் கதகதப்பாக இருந்தது. தன் வேலையைத் தானே அவ்வளவு ஒழுங்காகச் செய்து தொலைத்திருக்கிறாள். அவளுக்கு நாக்கடியில் எச்சில் ஊறியது. எதிரில் ரவூப் உட்கார்ந்திருந்தார். அவள் பலகையைப் பிடித்துக்கொண்டு, மறுபடி அந்த ஜன்னலில்லாத அறையை நினைத்துக்கொண்டாள்.

அடுத்த கூட்டத்தில் ஸ்ரீலேகாவின் பெயரை ரவூப் கூப்பிட்டார். அவள் எழுந்தவள், பேராச்சியின் முகத்தைப் பார்த்து நின்றாள். பிறகு தள்ளாடி வந்து அவள் மடியில் தலையைச் சாய்த்தாள்.

"அக்கா, எனக்கு ஒரு மாதிரி வரது. கொஞ்சம் பிடிச்சுக்கோங்கோ."

பேராச்சியின் இரண்டு கையும் தாமாகவே வேலையைத் தொடங்கின. நெற்றியைப் பிடித்தாள், முதுகை நீவினாள். ஸ்ரீலேகாவுக்குப் பதிலாக வேறொருவர் இறங்கினார். பேராச்சியின் வயிறு மெல்ல அடங்கியது. பழக்க தோஷத்தில் அந்தப் பெண்ணின் உள்ளங்கையைத் தொட்டவளின் கை அப்படியே நின்றது. கை காய்ந்து, அடுப்படியிலிருந்து வந்தது போலக் கதகதப்பாக இருந்தது. பிறகு மறுபடி முதுகை நீவத் தொடங்கினாள்.

கடைசிக் கூட்டத்தை ரவூப்பே அழைத்துப் போவது வழக்கம். அவர் சிலிண்டரை மாட்டியபோது பேராச்சி ஸ்ரீலேகாவை எழுப்பி உட்காரவைத்து, உடையின் ஜிப்பை மேலே இழுத்தாள்.

"எந்திரி. ஒனக்குச் சரியாயிட்டு. போய் மீனப் பாத்துட்டு வா."

"நீங்க?"

"மொதலாளியும் ஒங்கூட உள்ளதான வாராக."

ரவூப்பும் அந்தக் கூட்டமும் தண்ணீருக்குள் மறைந்ததும் பேராச்சி நிதானமாகப் படகின் மறுபக்கம் போய்க் கடலைப் பார்த்துக் குனிந்தாள். படகுக்காரர் கரையைப் பார்த்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலை முடிந்ததும் வாய் கொப்பளித்து, முகம் கழுவி, துண்டோடு வந்து ஏணிப் பக்கம் உட்கார்ந்தாள்.

முதலில் மேலே வந்தவர் ரவூப். இத்தனை வருஷத்தில் படகுக்கு அடியிலேயே இவ்வளவு மீன் கூடிப் பார்த்ததில்லை என்று அதிசயப்பட்டார். பின்னாலேயே வந்த ஸ்ரீலேகா பேராச்சியைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு வாய் உப்புத்தண்ணீர் குடித்தாள். பேராச்சி குனிந்து அவள் கையைப் பிடித்து மேலே தூக்கினாள்.

"இப்பதான் மக்கா கை சில்லுன்னு இருக்கு" என்று துண்டைப் போர்த்திவிட்டாள்.