யாரும் சேமித்து வைக்காத எண்

"தங்கச்சி, எனக்கு ஒரு வெப்சைட் வேணும். ஆனா அத யாருக்கும் காட்ட முடியாது."

சந்திரன் அண்ணன் என் ஆபீசில் வந்து உட்கார்ந்ததும் இப்படித்தான் ஆரம்பித்தார். ஜார்ஜ் டவுனில் சிறு வணிகர்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது என் தொழில். அதற்கு முன் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெஸ்டிங் பிரிவில் இருந்தேன். எதையும் நாலு தடவை தட்டிப் பார்க்காமல் நம்பாத குணம் அங்கே வந்தது. பூக்கடை, டயர் கடை, சேலைக்கடை, பல் டாக்டர் என்று எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் ஆசை ஒன்றுதான்: ஊர் பூராவும் தெரிய வேண்டும். காட்டக்கூடாத வெப்சைட் கேட்டு வந்தவர் இவர் ஒருவர்தான்.

அண்ணன் இறுதிச் சடங்குச் சேவை நடத்துகிறவர். பெட்டி, வேன், பந்தல், சுடுகாட்டு ஏற்பாடு எல்லாம் அவரே பார்ப்பார். வெப்சைட் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகள் என்னிடம், "உங்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வெப்சைட் எது?" என்று கேட்பதுண்டு. அண்ணனுடையதுதான். அதைப் பார்த்து ஒருவர்கூட "அழகாக இருக்கிறது" என்று சொன்னதில்லை.

1. கார்டு வாங்காத ஊர்

டத்தோ கிராமாட் பக்கம் ஒரு சந்தில் அண்ணனுடைய அப்பா காலத்துக் கடை. யார் வீட்டிலாவது ஒன்று நடந்துவிட்டால் அந்தச் சந்துக்கு ஓர் ஆளை அனுப்புவார்கள், அவ்வளவுதான் விளம்பரம். இப்போது கட்டடம் கைமாறிவிட்டது. புது முதலாளி அதைச் சுற்றுப்பயணிகள் தங்கும் ஹோட்டலாக்கப் போகிறார். அண்ணனுக்குக் கிடைத்த இடம் ஜெலுத்தோங்கில் ஒரு கார் வொர்க்ஷாப்புக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோர். அந்தப் பக்கம் தெருநாய் தவிர யாரும் போவதில்லை.

"கார்டு அடிச்சு எல்லாருக்கும் குடுங்களேன், அண்ணே" என்றேன். வாயைக் கிளறத்தான்.

"எவன் வாங்குவான்? போன வருஷம் காலண்டர் அடிச்சேன். ஒரு ஆள் கையால தொடல லா. வீட்டுல மாட்டினா ஆகாதாம். எல்லாம் முடிஞ்சு பதினாறாம் நாள் கும்பிட்டதும் என் நம்பர போன்லேருந்து அழிச்சிடுவாங்க. என் கண்ணு முன்னாலயே அழிச்சிருக்காங்க."

"கோவம் வராதா?"

"என் பொண்டாட்டியே என் ஆபீஸ் நம்பர 'கோழிக் கடை'ன்னு போட்டு வச்சிருக்கா. நான் ஊர்க்காரன் மேல கோவப்படவா?"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "ரெண்டு மூணு மாசம் பாப்பேன். கூப்பிட ஆள் இல்லேன்னா வேன வித்துட்டு லோரி ஓட்டப் போயிடுவேன். என்கிட்ட வேல செய்ற ரெண்டு பேருக்கும் சொல்லிட்டேன். எங்கப்பா தொழிலு என் கையில முடியப்போவுது" என்றார். குரல் கொஞ்சம் இறங்கிப் போயிருந்தது.

எனக்கோ உள்ளுக்குள் உற்சாகம் கிளம்பிவிட்டது. "அண்ணே, உங்க நம்பர ஒருத்தரும் வச்சிக்க மாட்டாங்கன்னா, வேணுங்கிற நேரத்துல எல்லாரும் தேடித்தான ஆகணும்? இந்த ஊர்ல வெப்சைட் கண்டிப்பா தேவைப்படுற ஒரே ஆளு நீங்கதான். கவலைய விடுங்க, நான் செஞ்சு தரேன்" என்றேன். அன்று அப்படிச் சொன்னதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை.

2. "வருக" இல்லாத வாசல்

என்னிடம் ஒரு டெம்ப்ளேட் உண்டு. மேலே "உங்களை அன்புடன் வரவேற்கிறோம்". கீழே வாடிக்கையாளர் பாராட்டு. அதற்கும் கீழே இந்த மாதச் சலுகை. கடைசியில் "நன்றி, மீண்டும் வருக". சாப்பாட்டுக் கடைக்கும் சேலைக்கடைக்கும் அதையே கொஞ்சம் மாற்றிப் போடுவேன். அண்ணனுக்கு அதை ஸ்கிரீனில் காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, நான் ஒரு வீட்டுக்குள்ள போனா 'வாங்க'ன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. கெளம்புறப்ப நானும் 'போயிட்டு வரேன்'னு சொல்ல மாட்டேன். திரும்பிப் பாக்காம வேன்ல ஏறிடுவேன். நீ என்னடான்னா 'மீண்டும் வருக'ன்னு போட்டிருக்க. என்னைய உதைக்க ஆள் அனுப்புவாங்க லா!"

ஐயோ, எனக்கும் தெரியாததா? சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி வருகிற வழக்கத்தில் வளர்ந்தவள்தான் நானும். மவுசைப் பிடித்ததும் அது மறந்துபோகிறது. வரவேற்பைத் தூக்கினேன். பாராட்டும் போனது, சலுகையும் போனது. பக்கம் காலி வீடு மாதிரி ஆகிவிட்டது.

அந்தக் காலி இடத்தைப் பார்த்ததும் அண்ணனின் மனைவி ராணி அக்காவுக்குக் கை அரித்தது. கடைக்கு வரும் போன்களை எடுப்பவர் அவர்தான். பூ அலங்காரம் செய்த வேன் படங்களை ஒரு கட்டு கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "இதெல்லாம் ஒன்னு மாத்தி ஒன்னு ஓடணும். பெரிய கம்பெனி வெப்சைட்லலாம் அப்படித்தான் ஓடுது" என்றார்.

"அக்கா, ஆஸ்பத்திரி கார் பார்க்ல ஒருத்தன் நிக்கிறான். ஒரு கையில அம்மாவத் தாங்கிப் பிடிச்சிருக்கான். இன்னொரு கையில போன். லைன் ஒரு கோடுதான் இருக்கு. உங்க படம் ஓடி முடியிற வரைக்கும் அவன் நிப்பானா?"

"ஒரு படமாச்சும் போடும்மா."

"ஒன்னு. சின்னது. அதுக்கு மேல கேக்காதீங்க."

அக்கா ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று இருந்துவிட்டேன். இந்த வேலையில் இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள். பக்கத்தின் எடையைக் குறைத்துக்கொண்டே வந்தேன். நிரப்பச் சொல்லி ஒரு கட்டம்கூட வைக்கவில்லை. திரையின் அடியில், கட்டைவிரல் எட்டும் இடத்தில், "அழைக்க" என்று ஒரே பெரிய பட்டன். எவ்வளவு தள்ளினாலும் அது நகராது. அதற்கு மேலே ஒரே கேள்வி: வீட்டில் நடந்ததா, மருத்துவமனையிலா? வீட்டில் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று சின்னச் சின்ன வரிகள். அவருடைய அடையாள அட்டையை (ஐசி) எடுத்து வையுங்கள். இறுதிச் சடங்குப் பெர்மிட்டுக்குக் காவல் நிலையம் போக வேண்டும், நாங்கள் கூட வருகிறோம்.

கோபம் தணிந்து வந்த ராணி அக்கா அதைப் படித்துப் பார்த்தார். "தனியாக இருந்தால் சொல்லுங்கள், துணைக்கு ஆள் அனுப்புகிறோம்னு போடு. பாதிப் பேரு தனியாத்தான் கூப்பிடுறாங்க" என்றார். உடனே போட்டேன். அந்தப் பக்கத்தில் ஆக நல்ல வரி அக்காவுடையது.

3. குழாய் உடைந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

வெப்சைட் தயார். இனி டெஸ்டிங். வழக்கமாக லிங்கைக் குடும்பக் குரூப்பில் போடுவேன். பிரியாணிக் கடை லிங்க் போட்டபோது அண்ணன் தம்பி, அத்தை மாமா எல்லாரும் விழுந்தடித்துத் திறந்து, "ஓப்பனிங்குக்குக் கூப்பிடு" என்றார்கள். அதே தைரியத்தில் இதையும் போட்டேன்.

முதலில் அத்தை குரூப்பை விட்டு வெளியேறினார். பின்னாலேயே மாமா. தங்கை போன் செய்து, "உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? நல்ல நாளும் அதுவுமா என்ன அனுப்பி வச்சிருக்க? அத்த கோயிலுக்கு அர்ச்சன பண்ணக் கெளம்பிட்டாங்க" என்று வாங்கு வாங்கென்று வாங்கினாள். வீட்டில் கணவரிடம் போனைக் கேட்டேன். "என்ன வேணா கேளு, என் போன்ல மட்டும் அதத் தொறக்காத" என்று போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பூனைக்கு யார் மணி கட்டுவது? டெஸ்ட் செய்யாமல் வெப்சைட்டை வெளியே விட்டால் எனக்குச் சோறு இறங்காது. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் ஒரு வழி தட்டுப்பட்டது.

அண்ணனின் பக்கத்தை அப்படியே ஒரு நகல் எடுத்தேன். பட்டன், எழுத்தளவு, இடம், வரிசை எதையும் மாற்றவில்லை. வார்த்தைகளையும் படத்தையும் மட்டும் மாற்றிக் குழாய் ரிப்பேர் கடையாக்கினேன். வீட்டிலா, கடையிலா? மெயின் குழாயை மூடுங்கள். தனியாக இருந்தால் சொல்லுங்கள். அந்தப் பக்கம் திறந்த போனையும் ஒரு வாளித் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு என் ஆபீசுக்குக் கீழே இருக்கும் கோப்பிக் கடைக்குப் போனேன்.

"குழாய் வெடிச்சிருச்சு. ஒரு கையில வாளி. இன்னொரு கையால ஆளக் கூப்பிடுங்க பாப்போம்!"

கடையே கூடிவிட்டது. கடை முதலாளியான சீனத் தவுக்கே வாளியைத் தூக்கிக்கொண்டு போனைப் பார்த்தார். நான் பெருமையாக வைத்திருந்த முதல் திரை வந்தது: தமிழ், மலாய், ஆங்கிலம், எந்த மொழி வேண்டும்? "நொம்போர் மானா?" என்று கத்தினார். நம்பர் எங்கே என்கிறார். வாளித் தண்ணீர் பாதி என் செருப்பில். அடுத்து வந்த மாசிக் கருவாட்டுக் கடை அக்கா பட்டனை விட்டுவிட்டுக் குழாய்க்காரர் படத்தையே தட்டிக்கொண்டிருந்தார். "ஆளு படம் இருந்தா அத அமுக்கினா ஆளு வரணும்ல?" என்றார். நியாயம்தானே?

மொழி கேட்கும் திரையை அன்றே தூக்கிக் கடாசினேன். நம்பர் முதலில், மொழி பிறகு. படத்தைத் தட்டினாலும் போன் போகிற மாதிரி செய்தேன். மறுநாள் இன்னொரு வாளி, இன்னொரு கூட்டம். கடைசியில் கண்ணாடி போடாத தாத்தா ஒருவர்கூட ஒரே தட்டில் கூப்பிட்டுவிட்டார். பிறகு அண்ணனின் வார்த்தைகளைத் திரும்பப் போட்டேன். தவுக்கே மட்டும் நெடுநாள் அந்தக் குழாய்க்காரன் நம்பரைக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார்.

4. சாமியிடம் கேட்க முடியாத வேண்டுதல்

அண்ணன் ஜெலுத்தோங்குக்கு மாறினார். வெப்சைட் வெளியே போனது. மேப்பிலும் புது இடத்தைப் போட்டுவிட்டேன். ஒரு வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாம் வாரம் பழைய பழக்கத்தில் வந்த ஓர் அழைப்பு, அவ்வளவுதான்.

விசிட்டர் கணக்கு பார்க்க அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அது தப்பாகப் போயிற்று. தினமும் காலையில் எனக்குப் போன். "தங்கச்சி, ஒன்னும் ஏறலயே. மத்த யாவாரின்னா கூட்டம் வரணும்னு சாமி கும்பிடலாம். நான் என்னான்னு கும்பிடுறது, சொல்லு? வரணும்னு கேட்டா பாவம். வரலன்னா என் வீட்டுல அடுப்பு எரியாது."

"தேடுற அன்னிக்குத் தேடுவாங்க. பொறுங்க அண்ணே" என்றேன். எனக்கு நம்பிக்கை இருந்தது. ஆனால் வேன் வாங்க ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனதாக ராணி அக்கா சொன்ன அன்று, மேப்பில் போட்ட இடத்தை இன்னொரு தடவை சரிபார்த்தேன்.

ஒரு மத்தியானம் ஹோஸ்டிங் விஷயமாக அங்கே போயிருந்தேன். மேசையில் போன் அடித்தது. ராணி அக்கா எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். இளம் பெண் குரல். அழுகையை விழுங்கி விழுங்கிப் பேசியது.

"ஆன்ட்டி… பாலிக் புலாவ்லேருந்து பேசறேன். டுரியான் தோட்டத்துக்குப் பக்கத்துல வீடு. அப்பா காலையில எந்திரிக்கல. கிளினிக் டாக்டர் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. எங்க அண்ணன் ரெண்டு பேரும் தூரமா கேஎல்ல இருக்காங்க, இப்பதான் காடியில கெளம்பிருக்காங்க. இங்க லைன் சரியா இல்ல. வேற வெப்சைட்லாம் சுத்திக்கிட்டே இருந்துச்சு, உங்களோடது மட்டும் தொறந்துச்சு. அதுல போட்டிருந்த மாதிரி ஐசி எடுத்து வச்சிட்டேன். அடுத்து என்னா செய்யணும்னு தெரியல. நான் தனியாத்தான் இருக்கேன்."

"தனியா இல்லம்மா" என்றார் ராணி அக்கா. "நான் லைன்லயே இருக்கேன். அங்கிள் வேன எடுத்துட்டாரு."

அண்ணன் அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு வேனில் ஏறியிருந்தார். எனக்குக் கையைத் தட்டிக் கூத்தாட வேண்டும் போல இருந்தது. ஜெயித்துவிட்டோம்! அடுத்த நொடியே அந்தப் பெண்ணின் குரல் நெஞ்சைப் பிசைந்தது. சந்தோஷமும் அழுகையும் ஒன்றாக வந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். ராணி அக்கா போனை வைக்காமல், "தண்ணி குடிச்சியாம்மா? ஃபேன போட்டு விட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த மாதத்திலேயே பாகான் டாலாமிலிருந்தும் ஓர் அழைப்பு வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர் அது, அண்ணனைத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை. அதற்குப் பிறகு வேனை விற்கும் பேச்சு எழவில்லை. வேலை செய்த இரண்டு பேரும் இன்றுவரை அண்ணனிடம்தான் இருக்கிறார்கள்.

நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். கலர், எழுத்துரு எல்லாம் பிறகு. உங்கள் வெப்சைட்டைத் திறக்கிறவர் அந்த நேரத்தில் எந்த நிலையில் நிற்கிறார் என்பதை முதலில் கேளுங்கள். அவருக்கு எத்தனை கை காலியாக இருக்கிறது என்று பாருங்கள். அதற்குத் தகுந்த மாதிரி செய்தால் போதும். மொபைல் ஃபிரெண்ட்லி என்று நாம் பெரிதாகப் பேசுவது அதைத்தான்.

பாலிக் புலாவ் காரியம் முடிந்த மறுநாள் அண்ணன் எனக்குப் போன் செய்தார். வழக்கமாகக் கடகடவென்று பேசுகிறவர் அன்று நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"காரியத்துக்குச் சொந்தக்காரங்க எல்லாம் வந்திருந்தாங்க, தங்கச்சி. பெரியப்பா ஒருத்தரு சுத்திமுத்தும் பாத்துட்டு, 'ஒரு கொறையும் இல்லாம செஞ்சிருக்கே, எந்த ஆம்பள முன்ன நின்னு பாத்தது?'ன்னு கேட்டாரு. அந்தப் பொண்ணு நிமிந்து, 'எங்கப்பாவுக்கு நான்தான் பாத்தேன்'னுச்சு. அவரு திரும்பி என்னையப் பாத்தாரு."

"நீங்க என்ன சொன்னீங்க, அண்ணே?"

"'ஆமாங்க, இந்தப் பொண்ணு சொன்னபடிதான் நான் செஞ்சேன்'னேன்."