மேனேஜரைக் கண்டு கத்திய மீட்டர்

மேனேஜர் சார், நீங்கள் சொல்லித் திரிவது பொய். வடமாலபேட்டை ஷெட்டில் என் சோர்ஸ் லீக் ஆகவில்லை. அன்று கதிர் வந்தது உங்கள் உடம்பிலிருந்து.

பெயர் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், அது போதும். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலிலிருந்து சொல்கிறேன்.

1. மிளகளவு சாமான்

நான் ரேடியோகிராஃபர். ஆஸ்பத்திரியில் இல்லை. பாய்லரும் பிரஷர் வெசலும் செய்கிற ஷெட்டில். வெல்டிங்குக்குள் ஓட்டை இருக்கிறதா என்று பிலிம் எடுத்துப் பார்ப்பது என் வேலை. அதற்கு இரிடியம்-192. கதிர் விடும் உலோகம், மிளகளவுதான் இருக்கும், அதைத்தான் சோர்ஸ் என்போம். அதை வைத்திருக்கும் கனமான பெட்டிக்குப் பெயர் கேமரா. தூரத்தில் நின்று கிராங்க்கைச் சுற்றினால் சோர்ஸ் குழாய் வழியாக வெளியே போய் வெல்டிங் பக்கத்தில் நிற்கும். பிலிம் முடிந்ததும் திருப்பிச் சுற்றி உள்ளே இழுக்க வேண்டும். உள்ளே வந்துவிட்டதா என்று கண்ணுக்குத் தெரியாது. சர்வே மீட்டர்தான் சொல்லும். மீட்டர் கத்தினால் ஓடு. எங்கள் தொழிலில் முதல் பாடம் இதுதான்.

இரண்டாவது பாடம் அரை ஆயுள். இரிடியம் அணு நிலையில்லாதது. ஒரு தனி அணு எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மொத்தக் கூட்டத்தில் பாதி, எழுபத்துநான்கு நாளில் உடைந்திருக்கும். அடுத்த எழுபத்துநான்கு நாளில் மீதியில் பாதி. பெட்டியில் பூட்டினாலும் அதே கணக்கு, வெளியே விட்டாலும் அதே கணக்கு. எங்கள் மேனேஜருக்கு இது மண்டையில் ஏறவே இல்லை. "சும்மா சும்மா வெளிய எடுக்காதீங்கப்பா, மூடி வெச்சா இன்னும் ஆறு மாசம் வரும்" என்பார், ஏதோ கேஸ் சிலிண்டர் மாதிரி.

2. ஓட்டம்

அன்று காலை மேனேஜர் லீவு. திருமலைக்குத் தரிசனத்துக்குப் போயிருப்பதாக ஷெட் முழுக்கப் பேச்சு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஷெட் காலி. நானும் என் ஜோடி தேவசகாயமும் யாரும் கிட்டே வராமலிருக்கச் சுற்றிக் கயிறு கட்டி ஒரு வெல்டிங் ஜாயிண்ட்டைப் பிலிம் எடுத்தோம். தேவசகாயம் சித்தூர் மிஷன் சர்ச்சுக் குடும்பம். இருபது வருஷமாக என்னோடு கிராங்க் சுற்றுகிறவன். முடித்துச் சோர்ஸை உள்ளே இழுத்தோம். மீட்டரோடு கேமராவரை போய்ப் பார்த்தேன். வழக்கமான அளவு. திரும்பினால் கயிற்றைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் உள்ளே வருகிறார்.

மீட்டர் கத்தியது.

சோர்ஸ் உள்ளே இருக்கிறது, மீட்டர் வெளியே என்கிறது. யோசிக்க நேரமில்லை. "ஓடு" என்றேன். ஓடினோம். மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. தன்னைப் பார்த்து இரண்டு பேர் ஓடினால் எந்த மேனேஜரும் செய்வதை அவரும் செய்தார். துரத்தினார்.

"ஏமைந்தி, இன்னாத்துக்குய்யா ஓடிக்கினு கீறீங்க? நில்லுங்கய்யா!"

"கிட்ட வராதீங்க சார், வெளிய போங்க!"

"நான் மேனேஜருய்யா, என்னையே வெளிய போவச் சொல்றியா?"

அவர் நெருங்க நெருங்க மீட்டர் இன்னும் கத்தியது. பிளேட் அடுக்கைச் சுற்றினோம். பெயிண்ட் டப்பாக்களைத் தாண்டினோம். ஐம்பத்தைந்து வயது மனிதர், அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்ததோ. கேன்டீன் வாசலில் வெல்டர்கள் தட்டும் கையுமாக நின்று விசிலடித்தார்கள். மூன்றாவது சுற்றில் தேவசகாயம் நின்றுவிட்டான்.

"ணா, மீட்டரப் பாரு. கேமரா பக்கம் ஓடுனா கொறையுது. இவரு வந்தா ஏறுது. சோர்ஸு அங்க இல்லணா. சோர்ஸு நம்மளத் தொரத்திக்கினு கீது."

மேனேஜரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து ஓரடி தூரத்தில் மீட்டரைப் பிடித்தேன். மணிக்கு எட்டு எம்ஆர், அதாவது மில்லிராண்ட்ஜன். மணி பன்னிரண்டே முக்கால். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒத்துக்கொள்கிறேன், அது என் தப்பு. பயந்திருந்த மனிதர் முன்னால் சிரித்திருக்கக் கூடாது.

3. மைக்

சிரித்ததற்குப் பலன் உடனே கிடைத்தது. அவர் நேராகக் கேன்டீனுக்குப் போய் மைக்கைப் பிடித்தார். "ரேடியோகிராஃபி ஆளுங்க கவனமில்லாம சோர்ஸை லீக் பண்ணிட்டாங்க. அது எம்மேல ஒட்டிக்கிச்சு." ஹெட் ஆபீசுக்கும் மெயில் போனது. என் சர்டிபிகேட்டை நிறுத்திவைக்கும்படி எழுதியிருந்தார். அது போனால் எனக்கு வேறு தொழில் கிடையாது.

பரிமாறும் லலிதாக்கா எங்கள் இரண்டு தட்டையும் தனியாக வைத்தார்.

"கோச்சுக்காதப்பா. அது ஒருத்தர் கிட்டேர்ந்து ஒருத்தருக்குத் தொத்துமாமே?"

"கதிர் பட்டா ஒட்டாதுக்கா. டார்ச் அடிச்சா உம்மேல வெளிச்சம் ஒட்டிக்குதா? கதிர் விடற தூசி மேல விழுந்தாத்தான் கூடவே வரும். அது வேற, இது வேற."

"எல்லாக் கதிரும் அப்டித்தானா?"

"மூணு தினுசு. ஆல்பா கனமானது. உன் இட்லி தாளே நிறுத்திடும். ஆனா அந்தத் தூசி உள்ள போச்சுன்னா அதான் மோசம். பீட்டாவை அலுமினியத் தட்டு நிறுத்தும். காமா ஆளையே ஊடுருவிக்கினு போவும், அதுக்கு ஈயம் வேணும். சார் கிட்டேர்ந்து வர்றது காமா."

"அப்ப சாருக்குத்தான் தனித் தட்டு வெக்கணும்" என்றார் அக்கா. சாப்பிட்டவர்களுக்குப் புரை ஏறியது.

4. கணக்கு

நான் மேனேஜரின் சட்டையைப் பஞ்சால் துடைத்துப் பஞ்சை மீட்டரில் காட்டினேன். ஒன்றுமில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லி அதைத் தனியாகக் காட்டினேன். ஒன்றுமில்லை. சட்டையில்லாத மேனேஜரைக் காட்டினேன். அதே எட்டு. மேலே ஒட்டியதில்லை, உள்ளே இருப்பது. எங்கள் இரிடியம் கேமராவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. அப்படியானால் இது என்ன?

அரை ஆயுளைப் பார்த்தால் தெரிந்துவிடும். இரிடியமாக இருந்தால் நாளைக்கும் ஏறக்குறைய எட்டுதான் காட்டும். அவரே பயத்தில் என் பின்னால் சுற்றியதால் அளப்பது சுலபமாக இருந்தது. மாலை ஆறே முக்காலுக்கு நாலுக்குக் கொஞ்சம் கீழே. ஆறு மணி நேரத்தில் பாதி. ஆஸ்பத்திரி ஸ்கேனுக்கு ஊசியில் போடும் டெக்னீஷியம் என்ற கதிர் மருந்துக்குத்தான் இந்தக் கணக்கு. பாதிக்கும் கீழே இறங்கிய அந்தக் கொஞ்சம், சிறுநீரோடு பாத்ரூமில் போனது. மறுநாள் அதே நேரத்துக்கு நான்கு அரை ஆயுள். பதினாறில் ஒரு பங்கு, அதாவது அரை எம்ஆர். மீட்டர் அதற்கும் கீழேதான் காட்டியது.

அளந்த கையோடு அவர் அறையில் கேட்டேன். "சார், நேத்து ஏதாவது ஸ்கேன் எடுத்தீங்களா?"

"தரிசனத்துக்குத்தான்யா போனேன்."

தேவசகாயம் வாய் திறந்தான். "அப்ப லட்டு எங்க சார்?"

எங்கள் ஷெட்டில் மலைக்குப் போய் வந்தவர் கேன்டீன் மேஜையில் லட்டு வைக்காமல் இருந்ததில்லை. வேதக்காரன் தேவசகாயத்துக்கே முதல் துண்டு போகும். மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு ஒத்துக்கொண்டார். திருப்பதி ஆஸ்பத்திரி ஒன்றில் எடுத்த ஸ்கேன். எதற்கென்று எழுத மாட்டேன், அது அவர் உடம்பு. மேலிடத்துக்குத் தெரிந்தால் புரமோஷன் போய்விடும் என்றார். "மெயிலை நான் சரி பண்ணிடறேன், வெளிய சொல்லாதீங்க" என்றார். சொல்லவில்லை.

அவரும் சரிபண்ணவில்லை. என் சர்டிபிகேட்டைக் காப்பாற்றியது அவரில்லை. கேமரா சோதனையும், உடம்பில் பட்ட கதிரை அளக்க நாங்கள் சட்டையில் மாட்டும் பேட்ஜின் ரிப்போர்ட்டும் சுத்தமாக வந்ததால்தான் அது பிழைத்தது. அதுவரை ஒரு மாதம் நான் இருட்டறையில் அடுத்தவன் எடுத்த பிலிம் கழுவினேன்.

இப்போது அவர் ரிட்டயர்டு. பயிற்சி வகுப்புகளில் மேடையேறி, என் பெயரைச் சொல்லி, லீக்கிலிருந்து ஷெட்டைக் காப்பாற்றிய கதை சொல்கிறார். கேட்கிறவர்கள் கைதட்டுகிறார்களாம். நான் கற்றது ஒன்றுதான். ஆள் சொல்வதை எழுதாதே, மீட்டர் சொல்வதை நேரம் போட்டு எழுது. அன்றைய லாக் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

சார், என்ன நோய் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். அதே கேன்டீனில், அதே மைக்கில், ஒரு கேள்விக்கு மட்டும் எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள். எழுபத்துநான்கு நாள் அரை ஆயுள் கொண்ட இரிடியம், உங்கள் மேல் மட்டும் எப்படி ஆறு மணி நேரத்தில் பாதியானது? வரும்போது லட்டு வாங்கி வாருங்கள்.