ஆடு தொடாத இலை

மழைவிட்ட ஒரு கார்த்திகை ஞாயிறு கல்வராயன் மலைக்குக் கிளம்பினேன். ரோஜா அழகி என்ற பட்டாம்பூச்சி முட்டையிடுவதைப் படமெடுக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. கள்ளக்குறிச்சியில் காலை ஆறரைக்குப் பஸ், முக்கால் மணி நேரத்தில் கச்சிராயப்பாளையம். அங்கிருந்து வெள்ளிமலை ஏறுவதாகத் திட்டம். ஏறவே இல்லை. ஏன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடிவாரத்திலேயே, கோமுகி அணைக்குப் போகும் வழியில் ஒரு கரும்புக் கொல்லை வரப்பில் ஆடுதீண்டாப்பாளை படர்ந்திருந்தது. ரோஜா அழகி முட்டையிடும் செடி. மேலே ஒரு கறுப்புப் பூச்சி வட்டமடித்தது. கறிவேப்பிலையில் முட்டையிடும் இன்னொரு அழகியின் பெண்ணும் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். உடம்பு சிவப்பாக இருந்தால்தான் ரோஜா அழகி. ஈரத்தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். சிவப்பேதான்! இலைக்கடியில் ஆரஞ்சு நிறத்தில் முட்டை வைக்க ஆரம்பித்தது.

அப்போது களையெடுக்கப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் பக்கத்தில் நின்றார்.

"இன்னா சார் பாக்குறீங்க?"

"பட்டாம்பூச்சிம்மா."

"இது ஆடுதொடா எலைதானுங்க? எங்க வூட்டுக்காரரு ஒரு வாரமா இருமிக்கினே இருக்காரு."

"ஆமாமா, ஆடு தொடாது" என்றேன். கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பேசினால் பூச்சி பறந்துவிடுமே என்ற எரிச்சல் வேறு.

பூச்சி பறந்ததும் அதன் பின்னாலேயே ஓடினேன். அரைமணி கழித்துத் திரும்பினால் செடி மொட்டை. ஒரு முட்டைகூட மிச்சமில்லை. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. முனையிலிருந்த டீக்கடைக்காரரிடம் விசாரித்தேன்.

"நம்ம வள்ளிதான். எலை பறிச்சிக்கினு வூட்டுக்குப் போச்சு. பின்னாடி தெரு, நீலக் கதவு."

நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று நடந்தேன். பாதித் தெருவில்தான் வள்ளி வரப்பில் கேட்டது மண்டையில் உறைத்தது. இருமல். அவர் கேட்டது ஆடாதொடை. அது ஆளுயரப் புதர், இருமலுக்குக் கஷாயம் வைப்பார்கள், பேச்சில் ஆடுதொடா. நான் பார்த்துக்கொண்டிருந்தது தரையில் படரும் ஆடுதீண்டாப்பாளை. சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. அந்த நஞ்சைத் தின்று வளர்வதால்தான் ரோஜா அழகியைப் பறவைகள் தொடுவதில்லை. எல்லாம் எனக்குத் தெரியும். இந்தப் பதிவுக்காக மனசுக்குள் எழுதிக்கூட வைத்திருந்தேன்.

ஓடினேன். கதவு திறந்திருந்தது. வள்ளியின் கணவர் கட்டிலில் உட்கார்ந்து டம்ளரை ஊதி ஊதி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"குடிக்காதீங்க!"

டம்ளரைப் பிடுங்கிக் கொட்டினேன். மூச்சு வாங்கியது.

"குடிச்சிட்டீங்களா?"

"இல்ல சார், சூடா இருக்குது."

வள்ளி திகைத்துப்போய் நின்றார். "நீங்கதான சார் ஆமான்னு சொன்னீங்க?"

"ஆமாம்மா, தப்பு என் பேர்ல. நீங்க கேட்டதை நான் காதுலயே வாங்கல. இது விஷம்மா."

பாத்திரத்தோடு சாக்கடையில் கவிழ்த்தார். வெந்த இலைகளில் என் முட்டைகளும் கிடந்தன. அவற்றைத் தேடி ஒருதரம் கண் போனது, அதையும் மறைக்க வழியில்லை.

மலைக்குப் போகாமல் மதியமே ஊர் திரும்பிவிட்டேன். போக நினைப்பவர்களுக்கு: மழை முடிந்து வெயில் வரும் நாட்கள் நல்லது. காலை எட்டிலிருந்து பதினொன்றுவரை பூச்சிகள் அதிகம். குடிதண்ணீர் கொண்டு போங்கள். வரப்பில் யாராவது செடியின் பெயர் கேட்டால் கேமராவைக் கீழே வையுங்கள். முகத்தைப் பார்த்து முழுப் பெயரையும் சொல்லுங்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

கிளம்பும்போது வள்ளி தெருமுனைவரை கூடவே வந்தார். "எங்களுக்காவ இவ்ளோ தூரம் ஓடியாந்தீங்களே சார். ஒங்களுக்கு ரொம்ப நல்ல மனசுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

பாதித் தெருவரை சண்டை போடத்தான் வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நானும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.