வெல்டா அண்ணியின் விரல்

எங்கள் ஓசார்க் மலைப்பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் காணாதவர்களை ஆற்றில் பார்க்கலாம். வெல்டா அண்ணி இரண்டு இடத்துக்கும் வருவாள். இரண்டிலும் கொட்டாவிதான். வாரம் முழுக்கக் கோழி வெட்டும் ஆலையில் கத்தி பிடிக்கிறவளுக்கு வேறென்ன வரும்? என் அண்ணன் ராய்ஸுக்கு முதுகு போனதிலிருந்து அந்தக் கத்தியால்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

பாஸ் மீனுக்கு உயிருள்ள கொடுக்கு இறாலை மிஞ்சிய இரை இல்லை. ஆனால் வாலில் தூண்டில் முள்ளை மாட்டிப் போட்டால் அது சும்மா கிடக்காது, கல்லுக்கடியில் போய் ஒளியும். இறால் ஊர்கிறதா, மீன் வாயில் வைத்ததா என்பதைத் தூண்டில் நரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் விரல்தான் சொல்லும். அண்ணியின் விரல் பொய் சொல்லாது. அண்ணனுக்கு அதில் பொறாமைகூட உண்டு.

அன்று அவளுக்கு ஒன்றும் சிக்கவில்லை. இரண்டு முறை இறால் கல்லடியில் புகுந்து நரம்பு அறுந்தது.

"என்ன வெல்டா, இறாலுக்கு வீடு பாத்துக் குடுக்கிறியா?" என்றான் அண்ணன்.

"தூக்கமா வருது, விடு."

அடுத்த இறாலுக்காக வாளிக்குள் கைவிட்டாள். கையை எடுத்து, நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டே என்னிடம் காப்பி கேட்டாள். அவள் ஆள்காட்டி விரலைக் கவ்வியபடி ஒரு இறால் தொங்கிக்கொண்டிருந்தது. இறால் கடித்தால் கத்தி ஊரைக் கூட்டுகிறவள் அவள். எனக்கு வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அண்ணன் தண்ணீரில் தட்டுத்தடுமாறி வந்து இறாலைக் கழற்றினான். ரத்தம் கசிந்தது.

"எப்பலேர்ந்து?"

"குளிர்காலத்துலேர்ந்தே மரத்துப்போச்சு. சொன்னா வேலைக்குப் போவாதேன்னுவே. அப்புறம் யாரு போறது?"

அண்ணன் அந்த இறாலையே முள்ளில் மாட்டி வீசி, தூண்டிலை அவள் கையில் கொடுத்தான். நரம்பை எடுத்து அவள் கீழுதட்டில் படும்படி வைத்தான்.

"கண்ண மூடிக்க."

மூடினாள். நின்றபடியே தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"வந்துட்டான்" என்று முனகினாள். அவசரப்படவில்லை. மீன் இரையை விழுங்கித் திரும்பட்டும் என்று பொறுத்து, ஒரே இழுப்பு. நல்ல கனத்த பாஸ், கூழாங்கல்லில் விழுந்து துள்ளியது.

"பாத்தியா! ஒண்ணும் போயிடல" என்றான் அண்ணன்.

அண்ணி மீனைப் பார்க்கவில்லை. ரத்தம் உறைந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீனுக்கு உதடு போதும், ராய்ஸ். நாளைக்குக் கத்திய எதால பிடிக்கிறது?"